பிள்ளைக் கணக்கு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். கடலூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறேன். எனக்கு ஒரே பெண், மூன்று வயது. "இன்னொண்ணு பெத்துக்கோடா" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. முன்பெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். 2024-இல் தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலினும் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் அடுத்தடுத்து அதிகப் பிள்ளைகள் பெறுவது பற்றிப் பேசியதிலிருந்து யோசனையாக இருக்கிறது. நாம் சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டோடு நிறுத்தினோம். அதற்குத் தண்டனையாக, மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கும்போது நம் எம்.பி. இடங்கள் குறையும் என்கிறார்கள். இந்தப் பட்டத்துக்கு எங்கள் நிலத்தில் நடவு நட்டது மேற்கு வங்காளத்து ஆட்கள். கொத்து வேலைக்கு ஒடிசா, பீகார். டீக்கடையில் இந்திதான் கேட்கிறது. வதவதவென்று பெற்றவர்கள் வந்து நம் ஊரை நிரப்புகிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு என்று நாம் ஏமாந்துவிட்டோமா? மாமா, சித்தப்பா எல்லோரும் இதையேதான் பேசுகிறார்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி

அன்புள்ள தம்பிக்கு,

நடவிலிருந்தே தொடங்குகிறேன். போன வருடம் பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு வயலில் வங்காளத்து ஆட்கள் நடுவதை ஒரு காலை முழுக்க வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். பதினான்கு பேர், எல்லோரும் ஆண்கள். நடவு பெண்கள் வேலை என்றே பார்த்து வளர்ந்த எனக்கு அதுவே புதிதாக இருந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிட்டு இறங்குகிறார்கள். செல்போன்களைப் பாலித்தீன் பையில் சுற்றி வேலிக் கழியில் மாட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும் கரையில் உட்கார்ந்து சோறு வடித்தார். நம்மைப் போலவே புழுங்கலரிசிச் சோறு. அவர்களில் மூத்தவரிடம், கூட்டி வந்த பையன் மூலமாக, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். சேறு அப்பிய இரண்டு விரல்களைக் காட்டினார்.

அவர் ஒருவர் கதை என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் மேற்கு வங்காளத்தில் 1.6, தமிழ்நாட்டில் 1.8. ஒடிசாவிலும் அதே 1.8. உங்கள் நிலத்தில் நட்டவர்கள் நம்மைவிடக் குறைவாகப் பெறும் மாநிலத்திலிருந்து வந்தவர்கள். பீகாரில் 3.0, உண்மைதான். ஆனால் அங்கேயும் 2005-06-இல் 4.0 ஆக இருந்து இறங்கி வந்த எண் அது. தலைகள் பெருகியதால் வழிந்து இங்கே வருகிறார்கள் என்ற கணக்கு வங்காளத்துக்கும் ஒடிசாவுக்கும் பொருந்தவே இல்லை. இங்கே கூலி கூடுதல், வேலை இருக்கிறது. செய்ய நம் ஆட்கள் இல்லை. அதனால் வருகிறார்கள்.

நம் ஆட்கள் எங்கே போனார்கள்? உங்கள் வீட்டையே பாருங்கள். உங்கள் பாட்டி வயலில் இறங்கியிருப்பார். நீங்கள் ஃபிட்டர். அக்கம்பக்கத்துப் பெண்கள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள், பையன்கள் சென்னைக்கும் ஓசூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. முட்டிக்கால் சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நடும் வேலையிலிருந்து ஒரு தலைமுறைப் பெண்கள் கரையேறியது எனக்குப் பெரிய சந்தோஷம். இன்னொரு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளையை நடவுக்கு இறக்குவீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் அந்த வயலில் வங்காளத்துக்காரர்தான் நிற்பார்.

அப்புறம், "வெளியாட்கள்" பற்றி. நானே ஒரு வெளியாள். பிறந்தது கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரம். 1984-இல் கல்யாணமாகிப் புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்தேன். இருபது கிலோமீட்டர் தூரம்தான். 1991-இல் கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "பிறந்த ஊரும்மா?" என்றார். கடலூர் என்றேன். "அப்ப வேற மாநிலம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பெட்டியும் படுக்கையுமாக ரயில் ஏறுகிறவர்களைத்தான் அதுவரை புலம்பெயர்ந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். கையில் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்த என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

இங்கிலாந்தில் ராவன்ஸ்டைன் என்பவர் 1885-இலேயே மக்கள்தொகைக் கணக்குகளை வைத்து இதைக் காட்டினார். பெரும்பாலானவர்கள் பக்கத்திலேதான் நகர்கிறார்கள், அந்தக் குறுந்தூர நகர்வில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். நம் நாட்டில் இன்னும் பொருத்தம். 2011 கணக்கில் இடம்பெயர்ந்தவர்கள் ஏறக்குறைய 45 கோடி. அதில் பாதியளவுக்குக் காரணம் கல்யாணம். இந்த 45 கோடியில் உங்கள் அம்மாவும் இருக்கக்கூடும். கல்யாணத்துக்கு முன் அவருக்கு எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. புதுச்சேரியில் 28 சதவீதம். அதே புதுச்சேரியில் பிள்ளைப்பேறு தமிழ்நாட்டைவிடக் குறைவு, 2019-21 ஆய்வில் 1.5. பிறப்பு குறைவாக இருக்கும் ஊர் எப்படி இவ்வளவு வேகமாக வளர்ந்தது? நாம் வந்தோம் தம்பி. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் படிப்புக்கு, வைத்தியத்துக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு வந்தோம். அரியாங்குப்பத்திலிருந்து முள்ளோடை வரைக்கும் ரோட்டின் இருபுறமும் நான் கண்ட வயல்கள் கல் நட்டு மனையாகியிருக்கின்றன. வந்த புதிதில் ஓர் அலுவலக வரிசையில் நின்றபோது, "தமிழ்நாட்டு ஆளுங்க வந்து எல்லாத்தையும் அடைச்சுக்கிறாங்க" என்று என் காதுபடவே சொன்னார்கள். அதே தமிழில், எனக்குப் பழக்கமான உச்சரிப்பிலேயே சொன்னார்கள். உங்கள் டீக்கடைப் பேச்சைப் படித்தபோது எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வந்தது.

இந்தக் கரையிலிருந்து போனவர்களைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு கடிதம் போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறி ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நம் ஆட்கள். அந்தத் தீவுக்காரர்கள் அவர்களைப் பார்த்து என்ன பேசியிருப்பார்கள்?

சரி, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். "வதவதவென்று" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை என் அம்மாவைப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பெற்றார், நான்கு தங்கின. கடைசித் தம்பி 1968-இல் பிறந்ததும், மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றார். அப்பா கையெழுத்துப் போட மூன்று மாதம் இழுத்தார். "இன்னொரு புள்ளைய குழியில வைக்க என்னால ஆகாது" என்று ஒரு ராத்திரி அம்மா சொன்னார். அவ்வளவுதான், மறுநாள் அப்பா கூடவே போனார். அரசாங்கம் சொன்னது என்றோ நாட்டுக்கு நல்லது என்றோ அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

இந்தியா 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. நாடு நெடுக அதன் சின்னமான சிவப்பு முக்கோணத்தை வரைந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-இல், ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது, பெரும்பாலும் ஆண்களுக்கு, வட மாநிலங்களில் போலீஸை வைத்து மிரட்டியும் கூட. அந்தக் கோபம் 1977 தேர்தலில் ஆட்சியையே கவிழ்த்தது. அதற்குப் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் துணிவில்லை. சுமை முழுக்கப் பெண் உடம்பின் மேல் இறங்கியது, இன்று வரை அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சை என்றாலே பெண்ணுக்குத்தான், ஆண்கள் கிட்டத்தட்ட இல்லை. "நாம் நிறுத்தினோம்" என்று எழுதினீர்களே, அந்த "நாம்" யார் என்று யோசித்தீர்களா?

இங்கே பிள்ளைப்பேறு குறைந்தது மிரட்டலால் அல்ல. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, வீட்டுப் பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம செவிலியரும் வந்தார்கள், பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. கர்ப்பத்தடைக்கு மற்றவர்கள் உடல்நலம், குடும்பச் செலவு, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் சொன்ன காலத்திலேயே, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் தனியே எடுத்துச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை. நாட்டுக்காகக் குறைத்தோம் என்று ஒப்புக்கொண்டால், நாட்டுக்காகக் கூட்டு என்று நாளை யாரும் கட்டளை போடலாம். என் அம்மா நாட்டுக்காகக் குறைக்கவில்லை.

கட்டளை போட்டாலும் நடக்காது என்பதற்குச் சீனா இருக்கிறது. 1980 வாக்கில் ஒரே பிள்ளைதான் என்று கட்டாயப்படுத்தினார்கள். 2016-இல் இரண்டு பெறலாம் என்றார்கள், 2021-இல் மூன்று. பெண்கள் கேட்கவில்லை. 2022-இலிருந்து அங்கே மக்கள்தொகையே இறங்குகிறது.

எம்.பி. இடங்கள் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அது எனக்கும் உண்டு. 1962-இல் தமிழ்நாட்டுக்கு 41 இடங்கள் இருந்தன. 1967-இல் 39 ஆயின. ஏற்கெனவே ஒருமுறை இழந்திருக்கிறோம். 1976-இல் அரசியல் சாசனத்தின் 42-ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கின்படியே நிறுத்தி வைத்ததும், 2001-இன் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்ததும், பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான். நாடாளுமன்றம் எழுதிய சட்டம் அது, இனி என்ன செய்வது என்பதையும் அங்கேதான் போராடிப் பெற வேண்டும். இன்று பிறக்கும் குழந்தைக்கு ஓட்டு வரப் பதினெட்டு வருடம் ஆகும். டெல்லியில் கேட்க வேண்டிய நியாயத்தைப் பிரசவ வார்டில் தேடக் கூடாது.

உண்மையாகவே நாம் கவலைப்பட வேண்டியது முதுமை. என் தெருவில் பதினோரு வீடுகளில் ஐந்தில் இப்போது வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாரிஸில், பெங்களூருவில், துபாயில். எதிர்வீட்டு மாமி குளியலறையில் விழுந்தபோது தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒடிசாப் பையன்கள். ஒருவன் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தான், அன்றைக்கு அரை நாள் கூலி அவனுக்குப் போயிற்று. அந்தப் பையன்கள் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். கக்கூஸ் கிடையாது. அவர்களில் ஒருவன் மனைவியும் கைக்குழந்தையுமாக இருந்தான். தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்று அந்தப் பெண் என்னிடம்தான் சைகையில் கேட்டாள். நானே அங்கன்வாடிக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர்க் கணக்கிலும் ஒழுங்காகச் சேராத குழந்தை அது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. உங்கள் ஊருக்கு எண்ண வருகிறவர் மோட்டார் கொட்டகையில் தங்கியிருக்கும் நடவு ஆட்களைத் தாண்டிப் போகப் பார்த்தால், நீங்கள் அவரை அங்கே அழைத்துப் போங்கள்.

இரண்டாவது பிள்ளை வேண்டுமா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆசை இருந்தால் பெற்றுக்கொள்ளுங்கள், சந்தோஷமாக. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அதில் உங்கள் அம்மா பேசுகிறார், மாமா பேசுகிறார், சித்தப்பா பேசுகிறார், இரண்டு முதல்வர்கள் பேசுகிறார்கள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
முதலியார்பேட்டையிலிருந்து