வாசகர் கேள்வி பதில்: கொக்குகிட்ட இருந்து தவளை எப்படித் தப்பிக்குது?

கேள்வி: கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டு சேத்துழவு ஓட்டறப்ப டிராக்டர் பின்னாடியே கொக்கு வந்து தவளையைப் பொறுக்கித் தின்னுது. ஆனா எங்க கட்டுத்தறியில இருக்கற சொறித்தவளையை மட்டும் எந்தப் பறவையும் சீண்டறதில்ல, ஏனுங்க? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. சொறித்தவளைக்குக் கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் மேடா உப்பியிருக்கும் பாருங்க, அதுதான் விஷச் சுரப்பி, அதைக் கொத்தினாலோ அமுக்கினாலோ வெள்ளையா கெட்டியா கசியும், முதுகுல இருக்கற பருவுலயும் விஷம் உண்டு. அந்த விஷம் இதயத் தசை செல்லுல இருந்து சோடியம்ங்கற உப்புச் சத்தை வெளிய தள்ளற, பம்பு மாதிரியான புரதத்தை முடக்கிடும், துடிப்பு தாறுமாறாயிடும். வேலியோரத்து அரளியில இருக்கற விஷமும் இதே வழியிலதான் வேலை செய்யுது. கொக்கு மெல்லாம முழுசா முழுங்கற பறவைங்க, சொறித்தவளையோ காத்தை இழுத்து உடம்பை உப்ப வெச்சு காலை ஊனி நின்னுக்கும், தொண்டையில எறங்காது. அதுபோக அது இரை தேட வர்றதே பொழுது எறங்கின பின்னாடிதான், அப்ப கொக்கும் காக்காயும் அடைஞ்சிருக்கும்.

ஆனா எல்லாப் பறவையும் ஏமாறாது. 1935ல கரும்பு வண்டைப் பிடிக்கட்டும்னு ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துக்கு ஒரு பெரிய சொறித்தவளை வகையைக் கொண்டுபோய் விட்டாங்க, நம்ம சொறித்தவளைக்குச் சொந்தம்தான் அது. அங்கிருக்கற காக்கா அதை மல்லாக்கப் புரட்டி, விஷம் கம்மியா இருக்கற வயித்துப் பக்கமா கிழிச்சுத் தின்னப் பழகிருச்சு!

வயல்ல இருக்கற தவளைக்கு அவ்வளவு விஷம் கிடையாது, அதுக்கு முதல் காவல் கண்ணுல படாம இருக்கறதுதான். சேத்து நிறம், முதுகுல ஒரு கோடு, அந்தக் கோடு உருவத்தை ரெண்டாப் பிரிச்சுக் காட்டறதால அசையாம இருந்தா கொக்குக்கே தெரியாது. குட்டையில மெதக்கற சின்னத் தவளை ஆளைக் கண்டா தண்ணி மேலயே தத்தித் தத்தி ஓடி, முங்கி அடிச்சேத்துக்குள்ள போயிரும். பெரிய பச்சைத் தவளையைப் பிடிச்சுட்டா வாயைத் திறந்து கத்தும் பாருங்க, நெஞ்சே பதறும். சேத்துழவுல இந்த வித்தை எதுவும் எடுபடறதில்ல, ஒளிய இடமே இல்லாம மண்ணு பொரண்டு போறதால கொக்குக்கு விருந்துதான். வரப்போரமா கொஞ்சம் புல்லை விட்டு வெச்சீங்கன்னா சிலதாவது பிழைக்கும், பூச்சி தின்ன ஆளு வேணுமில்லைங்களா.

கேள்வி: பாத்ரூம் சுவத்துல தேரை ஒட்டிக்கிட்டு இருக்குது, விஷம் துப்பும்னு மாமியார் உப்பு போடச் சொல்றாங்க, போடலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: வேண்டாங்க அம்மணி, தயவுசெஞ்சு போடாதீங்க. தவளை தோல் வழியாத்தான் தண்ணி குடிக்குது, உப்புப் பட்டா உடம்புத் தண்ணி வெளிய இழுக்கப்பட்டுத் துடிச்சுச் செத்துரும். அது துப்பாது. கையில பிடிச்சா சட்டுனு மூத்திரம் விடும், அதுவும் தப்பிக்கற வழிதான், அதைப் பாத்துத்தான் விஷம்னு சொல்லிட்டாங்க. ஈரத்துணியால அணைச்சு எடுத்து வாழை மரத்தடியில விடுங்க, பின்னாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க, அதுவரைக்கும் கண்ணைத் தொடக்கூடாது.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துல மண்ணு வெட்டறப்ப மஞ்சக் கோடு போட்ட பாம்பாட்டம் ஒண்ணு வந்துச்சு. அது தவளை இனம்னு ஒருத்தர் சொல்றாரு, நிஜமா? பறவை தின்னாதா? (வாசகர், வால்பாறை)

பதில்: பெரும்பாலும் நிஜந்தான். செசிலியன்னு பேரு, தவளை இல்ல, ஆனா தவளை சேர்ந்த இருவாழ்விக் கூட்டத்துலயே காலில்லாத வகை, ஆனைமலையில இருக்குது. உடம்பு வழவழன்னு ஈரமா வளையம் வளையமா இருக்கும், கண்ணு புள்ளி மாதிரி, பாம்போட பளபளப்புச் செதில் வெளிய தெரியாது. மண்ணுக்குள்ளயே கிடக்கறதுதான் பறவைகிட்ட இருந்து அதுக்குப் பெரிய பாதுகாப்பு, அதுமேல தோல்லயும் விஷச் சுரப்பி இருக்குது. பிரேசில்ல ஒரு வகையை ஆராய்ஞ்சு பாத்தப்போ தலைப் பக்கம் வழுக்கற சளியும் வால் பக்கம் விஷமும் கூடுதலா இருந்துச்சு, முன்னால வழுக்கிக்கிட்டுப் பொந்துல நுழையும், பின்னாடி துரத்தறவனுக்கு விஷ வால்! பாம்புன்னு நெனச்சு அடிச்சுக் கொன்னுடறாங்க, அது மனுசனை ஒண்ணும் பண்ணாது. அடுத்தவாட்டி பாத்தா மம்முட்டியில ஈர மண்ணோட சேத்து அள்ளி நிழல்ல விட்டு மேல மண்ணைத் தள்ளுங்க, வெயில்ல காஞ்சா தாங்காது.