பகையாளிக் கூட்டங்க காதலால சேர்ற கதை ஏன் சலிக்கவே மாட்டேங்குது?

ஏன்னா பகைதான் ரெண்டு பேரையும் நேருக்கு நேரா கொண்டு வந்து நிறுத்துது. எங்க மதுரைக் கதையே அதான, தடாதகை (அதான் மீனாட்சி) படையோட கயிலாயம் வரைக்கும் போயி பூதகணங்களை அடிச்சு விரட்டிட்டு கடைசியா சிவனைப் பாத்ததும் பொறந்ததுலருந்து இருந்த மூணாவது மார்பு மறைஞ்சு வெக்கத்துல தலை குனிஞ்சு நிக்கிறா, அப்புறமென்ன கல்யாணந்தான். ஆனா எனக்குப் புடிச்சது அவ அண்ணன் அழகர், அதான் அழகர்கோயில் பெருமாள் கதை (சினிமா மாதிரி ஒரே சீன்ல சமாதானம் ஆகாது). தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்து, முடிஞ்சிருச்சுனு கேட்டதும் கோவிச்சுக்கிட்டு வைகையோட திரும்பிருவாரு, ராத்திரி வண்டியூர்ல துலுக்க நாச்சியார்ங்கிற முஸ்லிம் பொண்ணு வீட்டுல தங்குறாருனு சனம் சொல்லும். சைவம், வைணவம், இஸ்லாம் மூணும் ஒரே சித்திரைத் திருவிழாவுல கோர்த்து வந்துருச்சு, ரெண்டு கோயில் விழாவையும் சேத்து வச்சது திருமலை நாயக்கர்ம்பாங்க. கோவம் இன்னும் தீரல, ஆனா வருசா வருசம் கெளம்பி வர்றதையும் அவர் நிறுத்தல.