பட்டுப்பூச்சிக்கு எத்தனை கால்?

அன்புள்ள சார்,

நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. முதல் மழை பெய்த மறுநாள், மல்லாக்கொட்டை போடக் கொல்லையில் ஏர் ஓட்டியபோது சிவப்புப் பட்டுப்பூச்சி நிறைய வெளியே வந்தது. தம்பி ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டான். எண்ணிப் பார்த்தேன், எட்டுக் கால். அப்படியென்றால் இது சிலந்தி, தேள் வகை என்றேன். "தேளுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நண்டைச் சொன்னாலும் ஒத்துக்கலாம்" என்று மாமா சிரித்தார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. தேள் முதலில் கடலில் வாழ்ந்தது என்று ஒரு இடத்தில் படித்தேன், இல்லை என்று இன்னொரு இடத்தில். எது சரி? மேற்படிப்புக்கு இந்தத் துறையையே எடுக்க ஆசை. தேளைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

நீங்கள் சொன்னதுதான் சரி. மழைக்கு வெளியே வரும் இந்தச் சிவப்புப் பட்டுப்பூச்சி, பட்டுநூல் தரும் பூச்சி அல்ல, உண்ணி இனத்தைச் சேர்ந்தது. மாட்டின் காதுமடலில் ஒட்டியிருக்கும் உண்ணியும் இதுவும் ஒரே பெருங்கூட்டம். சங்கப் பாடல்களில் இதற்கு மூதாய் என்று பெயர். தம்பலப்பூச்சி என்பவர்களும் உண்டு. நான் அணைக்கட்டுப் பக்கம் வளர்ந்தவன். மழை விட்டதும் இதைத் தேடி ஓடாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. அத்தனை பேரும் பிடித்தோம். நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாமாவையும் விட்டுக்கொடுக்க முடியாது. பெயரிலேயே பூச்சி இருக்கும்போது தேள் உறவு என்றால் சிரிப்பு வரும்தானே. தமிழில் பூச்சி என்ற சொல் மிகப் பெரியது. சிலந்திக்கே எட்டுக்கால் பூச்சி என்றுதானே பெயர்! பாடப்புத்தகம் ஆறுகால் கூட்டத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டது. அது புத்தகத்தின் வசதிக்காக.

ஆனால் கால் எண்ணிக்கையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இதே பட்டுப்பூச்சி முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கு ஆறு கால்தான். குஞ்சாக இருக்கும்போது வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். பிறகு மண்ணுக்கு வந்து, தோலுரித்து, அடுத்த பருவத்தில்தான் நான்காம் இணைக் கால் வரும். குஞ்சைப் பிடித்து எண்ணியிருந்தால் மாமா ஜெயித்திருப்பார்.

அப்புறம் எதை வைத்துத்தான் உறவு சொல்வது? நம் பக்கம் ஒருவரைப் பார்த்தால் முகஜாடையோடு நிறுத்த மாட்டோம். எந்த வகையறா என்று கேட்போம். கணுக்காலிகளிடமும் அதையே கேட்க வேண்டும். பதில் உடம்பில் உறுப்புகள் முளைத்திருக்கும் வரிசையில் இருக்கிறது.

ஒரு கரப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஜோடி மீசை. பிறகு தாடைகள். பிறகு மூன்று ஜோடிக் கால். தேளுக்கு மீசை கிடையாது, தாடையும் கிடையாது. வாயருகே இரண்டு சின்னக் கவ்விகள் இருக்கும். அது முதல் இணை. நாம் பார்த்ததும் பயப்படும் பெரிய இடுக்கி இரண்டாம் இணை. அதற்குப் பிறகு நான்கு ஜோடிக் கால். சிலந்தியிலும் இதே வரிசைதான். முதல் இணை நச்சுப்பல்லாகிவிட்டது. இரண்டாம் இணை முன்னால் குட்டைக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த ஆண் சிலந்தியில் அதன் நுனி உருண்டு பருத்திருக்கும், விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பது அதுதான். உங்கள் பட்டுப்பூச்சியிலும் இந்த இரண்டு இணைகளும் வாயருகே சின்னதாக இருக்கின்றன. தம்பியின் தீப்பெட்டியைத் திறந்து ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பார்த்ததும் கொல்லையில் விட்டுவிடுங்கள்.

இப்போது நண்டுக்கு வருவோம். நண்டின் இடுக்கியும் தேளின் இடுக்கியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் நண்டுக்கு இரண்டு ஜோடி மீசை இருக்கிறது, தாடை இருக்கிறது. அதன் இடுக்கி, கால் வரிசையின் முதல் ஜோடி. வகையறா பார்த்தால் நண்டு கரப்பானுக்கும் வெட்டுக்கிளிக்கும்தான் நெருங்கிய பங்காளி. பூரானும் மரவட்டையும்கூட அந்தப் பக்கம்தான்.

இதில் என்னை மிகவும் அசைத்த விஷயம் ஒன்று உண்டு. சிலந்தியின் மூதாதைகளுக்கு மீசை இருந்தது, அது முளைத்த உடல்வளையமே பிறகு மறைந்துவிட்டது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. 1998-இல் இரண்டு குழுக்கள் ஹாக்ஸ் மரபணுக்களைப் பின்தொடர்ந்தன. கருவில் எந்த வளையம் என்னவாக வளர வேண்டும் என்பதில் பெரும்பங்கு இந்த மரபணுக்களுடையது. ஒரு குழு சிலந்தியில் பார்த்தது, மற்றது மிகச் சிறிய உண்ணி ஒன்றில் பார்த்தது. இருவருக்கும் ஒரே விடை. வளையம் எதுவும் மறையவில்லை. கரப்பானுக்கு மீசை முளைக்கும் அதே வளையத்தில்தான் சிலந்திக்கு வாய்க்கவ்வி முளைக்கிறது.

சரி, கடல் கேள்வி. நீங்கள் படித்த இரண்டுமே பொறுப்பாக எழுதப்பட்டவையாக இருக்கலாம். சுமார் 43 கோடி ஆண்டுப் பழமையான தேள் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. கடல்தேள்கள் என்று பெயர் பெற்ற, உண்மையான தேள் அல்லாத, அழிந்துபோன நீர்வாழ் உயிர்களின் சாயலும் தேளுக்கு இருக்கிறது. அதனால் தேள் தனியாகக் கரையேறியது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. ஆனால் தேளின் வயிற்றடியில் நான்கு ஜோடி நுரையீரல்கள் உண்டு, புத்தகத் தாள் அடுக்கியது போல. சிலந்திக்கும் அதே அமைப்பு. 2006-இல் இரண்டையும் நுணுக்கமாக ஒப்பிட்டபோது, தனித்தனியாகத் தோன்றியிருக்க முடியாத அளவுக்கு ஒற்றுமை தெரிந்தது. 2017-இல் இன்னொரு சான்று வந்தது. சிலந்தி, தேள் இரண்டின் பொது மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. ஆக, தேள் சிலந்திக்கு நெருங்கிய சொந்தம், அவற்றின் பொது மூதாதை ஏற்கெனவே நிலத்தில் மூச்சுவிட்டது என்ற பக்கம்தான் நான் நிற்கிறேன்.

வழக்கு அதோடு முடியவில்லை. ஒடிசாவில் சாந்திப்பூர் கடற்கரைக்கு முட்டையிட வரும் குதிரைலாட நண்டு இருக்கிறதே, பெயரில்தான் நண்டு. தாள் அடுக்கு போன்ற செவுளால் கடலில் மூச்சுவிடும் அது, சிலந்தி வகையறாவுக்கு வெளியே நிற்கும் சித்தப்பா முறை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2019-இல் ஒரு ஆய்வு அதை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்தது. பலர் ஏற்கவில்லை, இன்றும் சண்டை ஓயவில்லை. நீங்கள் முனைவர் பட்டத்துக்கு வரும்போதும் உங்களுக்கு வேலை மிச்சமிருக்கும்.

படித்து என்ன செய்வாய் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. நம் செந்தேளுக்கு 1798-இல் ஃபேப்ரிசியஸ் என்ற டென்மார்க் விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைத்தார். தமுலஸ் என்ற அந்தப் பெயரில் தமிழ் ஒட்டியிருக்கிறது. அது கொட்டிக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் பாவஸ்கர், 1980-களில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைப் பயன்படுத்தி அந்த இறப்புகளைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். தேளின் நஞ்சு இதயத்தை என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்ததால் வந்த பலன் அது. ஆனால் உங்கள் ஆசைக்கு இந்தப் பயன் ஒன்றுதான் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் கொல்லையில் நடமாடும் உயிர் யாருடைய வகையறா என்று தெரிந்துகொள்ளும் ஆசையே போதும்.

இப்போதே தொடங்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். பார்ப்பதைப் படமாக வரையுங்கள். கைப்பேசிப் படத்தில் தப்பிப்போகும் கணு, வரையும்போது கையில் அகப்படும். செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கமாக மடங்கியிருப்பதைப் பாருங்கள். சில மூட்டுகளை நீட்டத் தசையே இல்லை, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தமும் போய்விடும். கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை இரவில் கல்கட்டு வரப்பில் அடித்தால் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். புதிதாகத் தோலுரித்த தேள் ஒளிராது. ஆனால் ஷூ போடாமல் போகாதீர்கள், கல்லடியில் கை விடாதீர்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கொட்டிவிட்டால் மந்திரிக்க உட்காராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஜவ்வாது மலைக் காட்டில் எதையும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதுவரை உங்கள் கொல்லையே தாராளம்.

மல்லாக்கொட்டை முளைத்ததும் வெட்டுக்கிளிகள் வரும். பிடித்து இறக்கையை மெல்ல விரித்து அடியில் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் லென்ஸை எடுத்து எண்ணுங்கள். எத்தனை கால் என்று எனக்கு எழுதுங்கள். மாமாவுக்கும் காட்டுங்கள்.