உள்காதின் திரவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குளிக்கும்போது காதில் புகும் தண்ணீர், உள்காதில் உள்ள திரவத்துடன் கலந்துவிடுமா?

கலக்காது. அந்தத் தண்ணீர் செவிப்பறையோடு நின்றுவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காது வரை போகலாம். உள்காதின் திரவத்தை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. பெரிலிம்ஃப் என்பது சோடியம் மிகுந்தது. ஒலி அதிர்வை உணரும் மயிர்ச்செல்களின் நுனி நனைந்திருக்கும் எண்டோலிம்ஃபோ, லிட்டருக்குச் சுமார் 150 மில்லிமோல் பொட்டாசியமும் மிகச் சொற்ப சோடியமும் கொண்டது. செல்லுக்கு வெளியே உள்ள ஒரு திரவத்தில் இவ்வளவு பொட்டாசியம் இருப்பது மிக அரிது; நமது கேட்கும் திறனே இந்த வேறுபாட்டை நம்பித்தான் இருக்கிறது.

கேள்வி: கருவில் உள்காது எப்போது உருவாகிறது?

நான்காம் வாரத்தில், பின்மூளையின் இருபுறமும் கருவின் மேற்படலம் சற்றே தடித்து உட்குழிந்து, அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மூடிய பையாகப் பிரிந்துவிடுகிறது. கேட்பதற்கான நத்தைச்சுருள் வடிவ உறுப்பான காக்லியா, உடல் சமநிலைக்கு உதவும் அரைவட்டக் குழல்கள், எண்டோலிம்ஃப் பை ஆகிய எல்லாம் அதிலிருந்தே வளர்கின்றன. மயிர்ச்செல்லாக மாறத் தொடங்கும் ஒரு செல், தன் பக்கத்துச் செல்கள் அதே வழியில் போகாதபடி தடுத்து, அவற்றைத் தாங்குசெல்களாக இருத்துகிறது. ஒரு காக்லியாவில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் அமைகின்றன. பறவைகளில் இவை அழிந்தாலும் மீண்டும் முளைக்கின்றன. மனிதக் காக்லியாவில் முளைப்பதில்லை.

கேள்வி: உறவினர் குழந்தைக்குப் பிறவியிலேயே முன்நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை இருக்கிறது; காதும் கேட்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கக்கூடும். காக்லியாவின் வெளிச்சுவரில் ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் என்ற, இரத்தக் குழாய்கள் நிறைந்த மூன்றடுக்குத் திசு இருக்கிறது. எண்டோலிம்ஃபுக்குள் பொட்டாசியத்தைச் செலுத்துவதும், அந்தத் திரவத்தை ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் நேர்மின் அழுத்தத்தில் வைத்திருப்பதும் இதன் வேலை. மயிர்ச்செல்களுக்கு இதை ஒரு மின்கலம் எனலாம்: ஒலி அதிர்வில் செல் நுனியின் வாயில்கள் திறந்ததும் பொட்டாசியம் உள்ளே பாய்வது இந்த அழுத்தத்தால்தான். மூன்றடுக்கில் நடுவில் இருப்பவை, தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனோசைட் இனத்தைச் சேர்ந்த செல்கள். கருவின் முதுகுப்புறத்தில் நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தின் விளிம்பான நரம்பு முகட்டிலிருந்து கிளம்பும் அவை நெற்றியை எட்டாவிட்டால் முடி வெளுக்கிறது. ஸ்ட்ரையாவை எட்டாவிட்டால் அங்கு மின்னழுத்தம் உருவாவதில்லை. 1951இல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் வார்டன்பர்க் விவரித்த நோய்த்தொகுதி இவ்வகையைச் சேர்ந்தது. வெள்ளைக் கற்றை உள்ள எல்லோருக்கும் கேளாமை இருக்கும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். மரபியல் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

கேள்வி: தலைசுற்றலும் காதிரைச்சலும் வரும் மெனியர் நோய்க்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

தலைசுற்றலும் காதிரைச்சலும் உள்காதிலிருந்தே வரலாம் என்று பாரிஸ் மருத்துவர் மெனியர் 1861இல் கூறினார். இந்நோயில் எண்டோலிம்ஃப் அறை வீங்கியிருப்பது 1938இல் தெரியவந்தது. உப்பைக் குறைப்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. ஆனாலும் தீங்கற்ற முயற்சி என்பதால் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

கேள்வி: பிறவியிலேயே காது கேளாத எங்கள் மகளுக்கு ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவசியம் எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரையாவின் விளிம்புச் செல்கள் பொட்டாசியத்தை வெளியேற்றும் அதே அயனி வாயில், ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை பழைய மின்நிலைக்குத் திரும்புவதற்கும் பயன்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துசேர்ந்தால், எண்டோலிம்ஃப் சுரக்காமல் கேளாமையும், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) நீண்டு திடீர் மயக்கமும் சேர்ந்தே வரும். ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் 1957இல் நார்வேயில் ஒரே குடும்பத்தில் விவரித்த இந்நோய் அரியதுதான். எனினும் நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் குழந்தைகளிடம் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஓடும்போதோ பயந்தபோதோ மகள் எப்போதேனும் மயங்கி விழுந்திருந்தால், அதை வலிப்பு என்று விட்டுவிடாமல் இதய மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தக்க மருந்துகள் இருக்கின்றன.