ஈ-டைப் வாங்கும் முன்: ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்றால் நம்பிவிடலாமா?

கேள்வி: 1962 ஜாகுவார் ஈ-டைப் 3.8 (3.8 லிட்டர் இன்ஜின்) ரோட்ஸ்டர், அதாவது கூரை மடக்கும் கார் ஒன்று, இங்கிலாந்தில் விலைக்கு வந்திருக்கிறது. “மேட்சிங் நம்பர்ஸ் (தொழிற்சாலையில் போட்ட அதே நம்பருள்ள பாகங்கள்), எல்லாமே ஒரிஜினல்” என்று சொல்லி, இன்ஜின் பகுதியில் சேஸிஸ், இன்ஜின் நம்பர்கள் பொறித்த பிளேட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் விற்பவர். அது போதுமா?

பதில்: போதாது. அந்த பிளேட்டு புதிதாகவே கடையில் கிடைக்கிறது. வேண்டிய நம்பரைப் பொறித்து மாட்டிவிட அரைமணி நேரம் கூட ஆகாது.

முதலில், பழைய தயாரிப்புப் பதிவேடுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழைக் கேளுங்கள். கார் தொழிற்சாலையை விட்டுப் போனபோது இருந்த சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி நம்பர்கள், நிறம், உள் அலங்காரம் எல்லாம் அதில் இருக்கும். உரிமையாளர்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், முன்பணம் தருவதற்கு முன்பே விற்பவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

பிறகு, காரிலுள்ள நம்பர்கள் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, டார்ச், சின்னக் கண்ணாடி, தின்னர் நனைத்த துணியோடு காரடிக்குப் போங்கள். சேஸிஸ் நம்பர், முன் ஃப்ரேமின் குறுக்குச் சட்டத்தில் வலப்பக்கம், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே அடிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் நம்பர் இரண்டு இடத்தில்: பிளாக்கின் வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் முன்புறம் ஒன்று. 3.8 இன்ஜின் என்றால் ‘ஆர்’ என்று தொடங்கும்; கடைசியில் வரும் 8 அல்லது 9 கம்ப்ரஷன் விகிதம். கியர்பாக்ஸ் நம்பர் இடது பின்மூலையில் இருக்கும். கண்ணாடி இல்லாமல் தெரியாது.

ஹெட் நம்பர் மட்டும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். ஹெட் அலுமினியம். கூலன்ட் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் நீர்ப்பாதை அரித்து, ஹெட்டையே மாற்றியிருப்பார்கள். விலையில் பேரம் பேசலாம், அவ்வளவுதான். பிளாக் நம்பர் சந்தேகமாக இருந்தால் கதை வேறு. எண்களைச் சுற்றி கிரைண்டர் ஓடிய தடம், அந்த இடம் மட்டும் பள்ளமாகவோ பளபளப்பாகவோ இருப்பது, பழைய எண்ணின் நிழல் லேசாகத் தெரிவது, இவை மறுபடி அடித்ததற்கு அடையாளம். அதே காலத்துக் கார்களின் நம்பர் படங்களோடு எண்களின் வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். இருக்கும் சாட்சியும் போய்விடும்.

ஃப்ரேமில் அடித்த சேஸிஸ் நம்பரில் ஒரு சிக்கல். அந்த ஃப்ரேம் போல்ட் போட்டு மாட்டியது. துருப்பிடித்தால் புதிது மாட்டுவார்கள். மாற்றியதில் தப்பில்லை, பில் இருக்க வேண்டும். நம்பர் அடித்த பழைய துண்டையும் வைத்திருக்கிறார் என்றால் நல்ல ஆள்.

கேள்வி: ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் சேஸிஸ் நம்பர் 876 என்று தொடங்குகிறது. ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, தகவல். 3.8 ரோட்ஸ்டரில் வலப்பக்க ஸ்டியரிங் கார்களின் வரிசை 850001-இல் தொடங்கியது, இடப்பக்கத்துக்கு 875001. ஆக நீங்கள் பார்த்த கார் இடப்பக்க ஸ்டியரிங்கோடு வெளிநாட்டுக்குப் போய், பின்னாளில் மாற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவை நிறைய. இங்கிலாந்தில் வலப்பக்கமாகவே பிறந்த காருக்குத்தான் கூடுதல் விலை. அந்த விலையை இதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உதிரிபாகங்களில் எதைப் பார்ப்பது?

பதில்: கியர்பாக்ஸை ஓட்டியே கண்டுபிடிக்கலாம். 3.8-இல் வந்த ‘மாஸ்’ (Moss) கியர்பாக்ஸுக்கு முதல் கியரில் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. வண்டி மெதுவாக உருளும்போது முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தால், பிறகு வந்த 4.2 லிட்டர் மாடலின் பெட்டி உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். நம்பர் ‘ஈபி’ என்று தொடங்கினால் பழையது, ‘ஈஜே’ என்றால் 4.2-உடையது. ஓட்ட 4.2 பெட்டிதான் சுகம். ஆனால் பழையதும் கூடவே வர வேண்டும்.

கார்புரேட்டர் மூன்றும் எஸ்.யூ. நிறுவனத்தின் எச்டி8 மாடலாக இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் தயாரித்த தேதி எண்ணாக அடித்திருக்கும். காரின் தேதிக்குச் சில மாதம் முந்தியிருந்தால் சரி, பிந்தியிருந்தால் மாற்றியது.

பானெட்டை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும் பூட்டைக் காட்டி விலை ஏற்றினால், நிதானிக்கவும். அது முதல் 500 கார்களில் மட்டும் வந்தது, எல்லாமே 1961. உங்கள் 1962 காரில் இருந்தால் யாரோ பின்னால் வைத்தது.