கார்பிமசோல் சாப்பிடுபவருக்குத் தொண்டை வலித்தால்...

கேள்வி: தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் என் மகளுக்கு ஒன்றரை மாதமாகக் கார்பிமசோல் மாத்திரை. ‘காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யணும்’ என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தொண்டை வலிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? பல வருஷமாகத் தைராக்ஸின் சாப்பிடும் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லையே?

- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாத்திரைக்கு இந்த ஆபத்து கிடையாது. தைராக்ஸின், குறைவாகச் சுரப்பவர்களுக்கு. மகள் சாப்பிடுவது சுரப்பை அடக்கும் மருந்து. அதைச் சாப்பிடும் ஆயிரம் பேரில் 2 முதல் 5 பேருக்கு, ரத்தத்தில் கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். டோஸ் கூடினால் வாய்ப்பும் கூடும். இடையில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போதும் வரலாம்.

வாயிலும் தொண்டையிலும் எப்போதும் கிருமிகள் உண்டு; காவல் போனதும் அங்கேதான் முதலில் தெரியும். ஆகவே 100.4 டிகிரி காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே டிஃபரன்ஷியல் கவுன்ட்டோடு (வெள்ளை அணுக்களில் எந்த வகை எத்தனை சதவீதம் என்ற கணக்கு) சி.பி.சி. என்ற ரத்த அணுக்கள் பரிசோதனை எடுங்கள். ஓரிரு நாள் மாத்திரை விட்டால் தைராய்டு தலைகீழாகிவிடாது. மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக் காத்திருப்பதுதான் விபரீதம். காய்ச்சல் இறங்கும், அணுக்களும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 3,000, நியூட்ரோஃபில் 15 சதவீதம் என்றால் இருப்பது 450தான். 500க்குக் கீழே போய்விட்டால் காய்ச்சலோடு வீட்டில் இருக்கக் கூடாது. அட்மிட் ஆகி, நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். 1,500க்கு மேல் இருந்தால் அநேகமாகச் சாதாரணத் தொண்டை வலியே; டாக்டரிடம் கேட்டு மாத்திரையைத் தொடரலாம்.

‘மாதாமாதம் டெஸ்ட் எடுத்தால் போதாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். போதாது. சில நாட்களிலேயே சரிந்துவிடும் என்பதால் போன வாரத்து நல்ல ரிப்போர்ட்டை நம்ப முடியாது. ஆனால் மருந்து தொடங்குமுன் ஒரு கவுன்ட் எடுத்து வைப்பது நல்லது. தைராய்டு அதிகமாக இருந்தாலே சிலருக்கு வெள்ளை அணுக்கள் சற்றுக் குறைவாக இருக்கும். பிறகு பழி மருந்தின் மேல் விழும்.

மருந்தால் அணுக்கள் இப்படி ஒருமுறை சரிந்துவிட்டால் கார்பிமசோலை ஆயுளுக்கும் தொடக் கூடாது. சுரப்பை அடக்கும் இன்னொரு மருந்தான புரொப்பைல்தயோயுராசிலுக்கும் மாற முடியாது. அதுவும் அணுக்களை இதேபோல் குறைக்கலாம். அணுக்கள் தேறிய பிறகு ரேடியோ அயோடின் அல்லது அறுவை சிகிச்சைதான் வழி. படபடப்புக்குத் தந்த புரொப்ரனலால் இந்தக் கணக்கில் வராது, அதைத் தானாக நிறுத்த வேண்டாம்.