பற்றரி உடைத்த மண்ணில் கீரை

கேள்வி: எங்கள் வளவின் பின்புறத்தில் முன்பிருந்தவர்கள் பல ஆண்டுகளாகப் பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்திருக்கிறார்கள். அங்கே விதைத்த தண்டுக்கீரை விரல் உயரத்திலேயே மஞ்சளித்து நின்றுவிட்டது. சுண்ணாம்பு இட்டால் மண்ணின் நஞ்சு நீங்குமா?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: நீங்காது, அடங்கும். ஈயமும் கட்மியமும் இலைகுழைகளைப் போல உக்கிப்போவன அல்ல என்பதால், மண்ணையே அள்ளி அகற்றாதவரை அவை அங்கேதான் கிடக்கும். நாம் செய்யக்கூடியது, அவை நீரில் கரைந்து வேரைச் சென்றடையாதபடி கட்டிவைப்பது மட்டுமே. பற்றரியிலிருந்து சல்பூரிக்கமிலமும் சிந்தியிருக்கும். மண்ணில் அமிலம் கூடக்கூட இவ்வுலோகங்கள் அதிகம் கரையும், சுண்ணாம்பிட்டு பி.எச். பெறுமானத்தை (மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 6.5 தொடக்கம் 7 வரை உயர்த்தினால் அவை பெருமளவில் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆயினும் சுண்ணாம்புப் பையை அவிழ்க்குமுன் ஒரு பிடி மண்ணில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதுண்டு. நுரை எழுந்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மேலும் இட்டால் இரும்புச் சத்தும் நாகச் (துத்தநாகச்) சத்தும் பயிருக்குக் கிட்டாமற்போய், அந்த மஞ்சளிப்பே இன்னும் மோசமாகும். ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள்: ஈயம் தாக்கிய வேர் கறுத்து, கட்டையாக, பக்கவேர் குறைந்திருக்கும்.

மணல் மண்ணில் உலோகத்தைப் பிடித்துவைக்கக் களியும் இல்லை, உக்கலும் இல்லை. எனவே நன்கு உக்கிய கூட்டெருவைத் தாராளமாக இடுவதே, என் மதிப்பில், சுண்ணாம்பைவிட முக்கியமான வேலை. நெல் ஆலை உமியைக் கரியாக்கிச் சேர்ப்பதும் நல்லது. ஈயத்துக்கென்று தனி மருந்தும் ஒன்று உண்டு. பசளைகளில் உள்ள பொஸ்பேற்று என்ற உப்பு ஈயத்துடன் சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாகிவிடும். அமில மண்ணில் எப்பாவலவில் தோண்டியெடுக்கும் பாறைப் பொஸ்பேற்றும் மெல்லக் கரைந்து இதற்கு உதவும். ஆனால் பற்றரித் தகட்டு ஈயத்தில் ஆசனிக்கு என்ற நஞ்சும் சிறிதளவு சேர்ப்பதுண்டு. பொஸ்பேற்று இந்த ஆசனிக்கை மண்ணிலிருந்து விடுவித்துப் பயிருக்கே ஊட்டிவிடும். ஆகவே எந்த உலோகம், எவ்வளவு என்பதை ஆய்வுகூடத்தில் அறிந்த பின்னரே பசளைக்குச் செலவிடுங்கள்.

இவ்வளவு செய்து செடி செழித்தாலும், அது உண்ணத் தகுந்ததாகிவிடாது. கீரையின் இலையில் ஈயத்தூசி படியும். முள்ளங்கியில் மண்ணே ஒட்டியிருக்கும். அவ்விடத்தைப் பூச்செடிக்கு விட்டுவிட்டு, கீரைக்கு வேறிடத்து மண் நிரப்பிய உயர்பாத்தி அமையுங்கள். பிடுங்கிய கீரையை ஆட்டுக்குப் போடவேண்டாம். கூட்டெருக் குழியிலும் சேர்க்கவேண்டாம்.